மயில் பாதுகாப்புப் பகுதி

கல்குவாரி தோண்டி முடித்தவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. மண் அரிக்காமல் சரிவைப் படிப்படியாக வெட்ட வேண்டும், மழைத் தண்ணீருக்குக் கால்வாய் விட வேண்டும், அங்கே வாழும் உயிரினங்களுக்கு என்ன பாதுகாப்பு என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஒரு திட்டமாக எழுதி அரசாங்கத்திடம் கொடுப்பார்கள். நேரில் போய்ப் பார்த்து அதைச் சரிபார்ப்பது என் வேலை. இந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்பில் மண் விழ.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது அந்தக் குவாரி. வரைபடத்தில் கால்வாய், காலிப் புறம்போக்கு வழியாக ஓடைக்குப் போனது. நேரில் போனால் அங்கே ஏழு வீடுகள். எல்லாம் கரும்பு வெட்டப் போகும் கூலிக்காரர்கள். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, முதல் வீட்டுப் பெரியநாயகி வெளியே வந்தார்.

"இன்னா மேடம் அளந்துகினு இருக்கீங்க?"

"இந்த வழியா கால்வாய் வருதாம்க்கா. பட்டா இருக்கா?"

"பட்டா இருந்தா உங்ககிட்ட இன்னாத்துக்கு நின்னு பேசிக்கினு இருக்கப்போறேன்?"

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேர் குடியிருக்கும் இடத்தைக் காலி என்று எழுதியவனின் கையை முறிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் வீடுகள் இருக்கின்றன என்று நான் எழுதினால், ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்துவிடுவார்கள். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு நின்றபோதுதான், வீடுகளுக்குப் பின்னால் புதரில் ஒரு பெண்மயில் அடைகாப்பது கண்ணில் பட்டது.

"வருசா வருசம் இங்கதான் வைக்குது. கம்பு காயவெச்சா பாதி அதுக்குத்தான்" என்று அலுத்துக்கொண்டார் பெரியநாயகி.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. 'மயில் முட்டையிடும் இடம். கால்வாயைக் கிழக்கே மாற்ற வேண்டும். இந்த இடத்துக்குப் பாதுகாப்பு தர வேண்டும்' என்று அறிக்கை எழுதினேன். வீடுகளைப் பற்றி மூச்சு விடவில்லை. "இனிமே யாரும் உங்க வூட்டத் தொட முடியாதுக்கா" என்று பெரியநாயகியிடம் பீற்றிக்கொண்டும் வந்தேன்.

மூன்றே வாரத்தில் திருத்திய திட்டம் வந்தது. நான் சொன்ன எதற்கும் மறுப்பில்லை. குவாரிக்காரர்கள் அப்படி இலேசில் ஒத்துக்கொள்கிற ஆட்கள் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடப் போனேன். குவாரி மேனேஜர் வெற்றிவேல் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"நீங்க சொன்னதுக்கு ஜாஸ்தியாவே செஞ்சிருக்கோம் மேடம்."

புதரைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வலை வேலி. 'மயில் பாதுகாப்புப் பகுதி. அத்துமீறி நுழையக் கூடாது' என்று பச்சைப் பலகை. வேலிக்குள் ஏழு வீடுகளும் இருந்தன. ஒரே ஒரு கேட், அதற்கு ஒரு வாட்ச்மேன். காலை ஆறு மணிக்குத் திறப்பாராம், மாலை ஆறு மணிக்குப் பூட்டுவாராம். மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம்.

"உள்ள ஆளுங்க இருக்காங்களே!" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியும் மேடம். உங்க அறிக்கையில அப்படி ஒண்ணும் இல்லியே" என்றார் அவர், குரலை உயர்த்தாமலே.

கேட்டைத் தாண்டி உள்ளே போனேன். பெரியநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதரைக் கையால் காட்டினார். அதிலிருந்த நான்கு முட்டைகளும் எறும்பு மொய்த்துக் கிடந்தன.

"வேலி போட்ட சத்தத்துல அது ஓடிப்போயி ஒரு வாரம் ஆவுது. அதுக்கு றெக்கை இருக்குது."

"என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"அத்த வுடுங்க. இப்ப கையெழுத்து போட்டா இன்னா ஆவும்?"

"வேலி நிக்கும். நீங்க போகணும்."

"போடாட்டி?"

"மயிலும் இல்ல. கால்வாய் பழையபடி உங்க வூட்டு மேல வரும்."

"நாங்க இருக்கோம்னு எழுதுனா?"

"ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் வரும்."

எந்தப் பக்கம் போனாலும் சுவர். அதில் ஒரு சுவரை எழுப்பியவள் நான். அழுகையாக வந்தது. கேட் அருகே வாட்ச்மேன் சாவியை ஆட்டினார்.

"மணி ஆறு ஆவுது. வெளியாளுங்க வாங்க."

பெரியநாயகி என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார்.

"எழுதுங்க மேடம். ஏழு வூடு, இருவத்தாறு பேரு. தொரத்தறதுன்னா எங்க பேரச் சொல்லித் தொரத்தட்டும். ஓடிப்போன மயிலு பேரச் சொல்லி இன்னாத்துக்குத் தொரத்தணும்?"

வாசல்களில் மற்றவர்களும் வந்து நின்றார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. வாட்ச்மேன் மறுபடி கூப்பிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். பெரியநாயகி தன் பெயரை முதலில் சொன்னார், பிறகு மகள் ஷாலினி, மருமகன், பிள்ளைகள். இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நோட்டீஸ் அச்சடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை கேட்டுக் கேட்டு எழுதினேன்.