கூரை பறந்த வருஷம்

அம்மாவின் நினைவுக் கூட்டத்தில் தான்தான் பேசப்போவதாக அப்பா அறிவித்ததும் எங்கள் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஓய்வு பெற்ற கர்னல். எண்பத்தாறு வயதிலும் தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட அணிவகுப்புக் குரலில்தான் கேட்பார்.

"உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்? நான் பேசிடறேன்" என்றான் அண்ணன்.

"ஏன், என் பொண்டாட்டியப் பத்தி எனக்குப் பேசத் தெரியாதா?"

"என்ன தெரியும் உங்களுக்கு? பாதி நாள் எல்லையில இருந்தீங்க. மீதி நாள் மெஸ்ல இருந்தீங்க."

வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அதோடு அது வெறும் நினைவுக் கூட்டமாக இல்லாமல் போனது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளைத் தனக்குத் தெரியும் என்று அப்பா எல்லோர் முன்னாலும் நிரூபித்தாக வேண்டும். குளியலறையில் தினமும் ஒத்திகை நடந்தது. தண்ணீர் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஆபீஸர்ஸ் கிளப் ஹாலுக்கு அம்மாவின் பழைய தோழிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். பழக்கம் விடுமா? பிரிகேடியர் மனைவி முதல் வரிசை, மேஜர் மனைவிகள் மூன்றாவது வரிசை. வீட்டுக்காரர்கள் பலரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பதவி மட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை.

அப்பா நன்றாகத்தான் ஆரம்பித்தார். கல்யாணமாகி வந்தபோது சுத்தியல் பிடிக்கத் தெரியாத பெண், பிறகு எந்த குவார்ட்டர்ஸுக்குப் போனாலும் அடுப்பு மூட்டும் முன்பே திரைச்சீலைக்கு ஆணி அடித்த கதையைச் சொன்னார். அதனால்தான் அவளுக்கு ஆணியக்கா என்று பெயர். ஜன்னல் ஒவ்வொரு ஊரிலும் ஒரு அளவு என்பதால் அவள் துணியை வெட்டவே மாட்டாள். மடித்துத்தான் தைப்பாள். ஹாலில் எல்லோரும் தலையசைத்தார்கள். நான் மூச்சு விட்டேன்.

"மலைமேல இருந்த முகாம்ல குடும்பத்த விட்டுட்டு நான் எல்லைக்குப் போனேன். அந்த ஒரு வருஷந்தான் அவ நிம்மதியா இருந்தா. ரோஜா வளர்த்தா. புஸ்தகம் படிச்சா."

மூன்றாவது வரிசையில் 'களுக்' என்று ஒரு சிரிப்பு. சிக்னல் ஆன்ட்டி. அவர் கணவர் சிக்னல் பிரிவில் இருந்ததால் நாங்கள் சின்ன வயதில் வைத்த பெயர். பக்கத்தில் டாக்டர் ஆன்ட்டியின் தோள் குலுங்கியது. பிரிகேடியர் மனைவியே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சிரிப்பு?"

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் சிக்னல் ஆன்ட்டி. "ரோஜாவா? அந்த வருஷம் உங்க வீட்டுக் கூரையே பறந்துபோச்சு!"

"எந்தக் கூரை?"

"தகரக் கூரைதான். காத்துல கிளம்பி எங்க வாசல்ல வந்து உட்கார்ந்துச்சு. அக்கா பின்னாடியே ஓடி வந்து, 'நம்ம கூரை இந்தப் பக்கம் வந்துச்சா?'ன்னாங்க. ஏதோ கோழியைத் தேடி வந்த மாதிரி!"

ஹாலே குலுங்கியது. அந்த வருஷம் நான் கைக்குழந்தை; எனக்கும் இது புதுச் சேதிதான்.

"ஆள் கிடைக்கலைன்னு அக்காவே மேல ஏறி ஆணி அடிச்சாங்க" என்றார் டாக்டர் ஆன்ட்டி. "விழுந்து கை முறிஞ்சது. எங்க வீட்டுக்காரர்தான் கட்டுப் போட்டார்."

அப்பா மைக் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வாரா வாரம் போன்ல பேசினாளே! எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ரோஜா பூத்திருக்குன்னு சொன்னாளே!"

"முகாமுக்கே ஒரு போன். வரிசையில நிப்போம். எல்லையில இருக்கிற மனுஷனுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாதுங்கறது எங்களுக்குள்ள கட்டுப்பாடு" என்றார் சிக்னல் ஆன்ட்டி. "நல்ல சேதி இல்லைன்னா அடுத்தவகிட்ட கடன் வாங்கிச் சொல்லுவோம். உங்க பையன் பரீட்சையில முதலா வந்ததை என் பையன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

"ரோஜா என்னோடது" என்றார் பிரிகேடியர் மனைவி, கண்ணைத் துடைத்தபடி.

"நான் திரும்பி வந்தப்ப கூரை ஆணியெல்லாம் பளபளன்னு இருந்துச்சு" என்றார் அப்பா மெதுவாக. "கேட்டேன். 'சும்மா தொடைச்சு விட்டேன்'னா. நம்பிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் அவரை இறக்கிவிட எழுந்தான். அவன் முகத்தில் ஜெயித்த களை துளியும் இல்லை.

அப்பா அவனுக்காகக் காத்திருக்கவில்லை. தானே இறங்கி, முதல் வரிசையைத் தாண்டி, மேஜர் மனைவிகள் வரிசைக்கு எதிரே ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரிஞ்சது போன்ல வந்தது மட்டுந்தான். நடந்ததை நீங்க சொல்லுங்க."

ஒரே நேரத்தில் நாலு பேர் ஆரம்பித்தார்கள்.

"ஒவ்வொருத்தரா!" அணிவகுப்புக் குரல் திரும்பிவிட்டது. பிறகு நடுவழியில் நின்றிருந்த அண்ணனைப் பார்த்தார். "டேய், நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்தே. உனக்கும் ரோஜாதானே பூத்துச்சு?"

"ஆமாம்ப்பா" என்றான் அண்ணன்.

"அப்ப நாற்காலியை எடுத்துட்டு வந்து உட்காரு."