சனிக்கிழமை மேலே போன பந்து

டோங்காவுக்கும் தாஹித்திக்கும் இடையே நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேலே போனது, கீழே வரவில்லை. அந்த வாரம் எங்கள் டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபா சந்தையில் சேப்பங்கிழங்கு விலை ஏறியிருந்தது. மழை இல்லை. பசிபிக் தீவு நாடுகளின் இளம்பெண்கள் கால்பந்துப் போட்டி எங்கள் ஊர் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள்தான் ஆடலாம். வழக்கமாக நியூசிலாந்துப் பெண்கள் வந்து கோப்பையைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். அந்த வருடம் அவர்கள் வரவில்லை, அதனால் எல்லாத் தீவுக்கும் ஆசை வந்துவிட்டது. ஜெயிக்கிற அணி உலகப் போட்டிக்குப் போகும்.

டோங்காவின் கோல்கீப்பர் லெசியெலிக்கு அப்போது பதினெட்டு வயது, கடைவாயில் ஒரு பல் முளைத்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்காது. தொட்டிலில் கிடந்தபோதே தொட்டில் அறைக்குள் இடம் மாறிவிடும். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் ஆணிகள் கழன்றன. தூக்கத்தில் நடந்து துறைமுகம்வரை போய்விடுவாள், யாராவது மீன்காரர் கூட்டிக்கொண்டு வந்து விடுவார். கப்பல் புள்ளியாகிப் போன பிறகு எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இரண்டு கம்பத்துக்கு நடுவிலாவது நிற்கட்டும் என்றுதான் அவளை கோலில் போட்டார்கள். அங்கேயும் குறுக்கும் நெடுக்கும் நடந்து புல்லைத் தேய்த்து ஒரு பாதை போட்டாள்.

போட்டிக்கு முந்தின வாரம் ஆக்லாந்திலிருந்து அவளுடைய செய்னி அத்தை வந்து இறங்கினாள். எங்கள் தீவில் அப்பாவின் கூடப்பிறந்தவள் வந்து எதைக் கேட்டாலும் 'இல்லை' என்ற சொல் தம்பி வீட்டில் கிடையாது. முன்பு வந்தபோது பெரிய பன்றியையும், அதற்கு முன்பு வந்தபோது குளிர்பெட்டியையும் கேட்டு வாங்கிப் போனவள். இந்த முறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இவளைக் கூட்டிட்டுப் போறேன், என் பேரப்பிள்ளைங்களைப் பார்த்துக்க ஆள் இல்லை" என்றாள். லெசியெலியின் அப்பா சைமோனே உபதேசியார், ஊருக்கே புத்தி சொல்கிறவர், அக்கா முன்னால் தரையைத்தான் பார்ப்பார். அன்றும் பார்த்தார். லெசியெலிதான் வாயைத் திறந்தாள்.

"அத்தை, நான் ஊர் சுத்தணும். உங்க வீட்டு வராந்தாவைச் சுத்த மாட்டேன்."

"வாய் நீளுதே! சரி, ஒரு பேச்சு. கோப்பையை ஜெயிச்சா உன் அணியோட உலகத்தைச் சுத்து, நான் கேக்க மாட்டேன். தோத்தா மறுநாள் விமானத்துல என் பக்கத்துச் சீட்டு."

"மறுநாள் ஞாயித்துக்கிழமை அத்தை. விமானம் பறக்காது."

"அப்போ திங்கக்கிழமை. என் பேச்சு எங்கேயும் ஓடிடாது."

இறுதி ஆட்டத்தில் டோங்கா இரண்டு, தாஹித்தி ஒன்று. சமமானால், முந்தின ஆட்டங்களில் அதிக கோல் போட்டிருந்த தாஹித்திக்குத்தான் கோப்பை. நேரமும் முடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நம் பெண் ஒருத்தி கோல் அருகே தாஹித்திக்காரியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பெனால்டி. வனுவாட்டுவிலிருந்து வந்த ரெஃபரி லெய்சாவ் கோல்கீப்பரையும் உதைக்கப் போகிறவளையும் கூப்பிட்டு, இந்த ஒரு உதையோடு ஆட்டம் முடிகிறது, உதைத்த பிறகு கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தைத் தொடக் கூடாது, பந்து உள்ளே போனாலோ வெளியே போனாலோ ஓடாமல் நின்றாலோ விசில் ஊதிவிடுவேன் என்றாள். வைமிதி என்ற உயரமான பெண் உதைத்தாள். லெசியெலி பாய்ந்து முஷ்டியால் குத்தினாள். பந்து நேராக மேலே போனது. மைதானம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. மூன்று தென்னை உயரத்தில், கோல் கோட்டுக்கு நேர் மேலே, அது எலுமிச்சம்பழம் அளவில் நின்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுவதால் அது நின்றுவிட்டதாகவும் சொல்ல முடியவில்லை. லெய்சாவ் விசிலை வாயில் வைத்தபடியே இருட்டும்வரை காத்திருந்தாள்.

யாரும் பெரிதாகப் பதறவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று கடை திறக்காது, ஆட்டம் கிடையாது, துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அன்று போட்ட கையெழுத்து சட்டப்படி செல்லாது. தேங்காய்கூட அன்று விழாது என்று சொல்வார்கள். இந்தப் பந்து மட்டும் எப்படி விழும், திங்கட்கிழமை வரும் என்று சைமோனே மகளைச் சாப்பிடக் கூப்பிட்டார். திங்கட்கிழமை விடியும்போது ஊரே மைதானத்தில் இருந்தது. பந்தும் மேலே இருந்தது.

அன்று தொடங்கிய காத்திருப்பில் எங்கள் தீவு உட்காரும் சுகத்தை மறந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சன்னலுக்கும் பலகைக்கும் நடுவே தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலியோடு வீடு வந்தார்கள். கவா என்ற வேர்ச்சாறு குடிக்க வட்டமாக உட்கார்ந்த ஆண்கள் ஒரு சிரட்டைக்கு ஒரு முறை எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தாலாட்டுகள் வேகமாகின. பன்றிகள் படுக்காமல் நடந்து இளைத்ததால் அந்த வருடக் கல்யாணங்களில் கறி நாராக இருந்தது. பையன்கள் கல் எறிந்தார்கள், கல் பந்தைத் தாண்டிப் போய் இன்னொருவர் கூரையில் விழுந்தது. வௌவால்கள் அதைச் சுற்றிக்கொண்டு பறந்தன. பெரிய புயல் வந்த வருடம் தேவாலயத்தின் கூரை பக்கத்துத் தீவுக்குப் போய்விட்டது. பந்து அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

போட்டி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, விதிப்படி ஆட்டம் இன்னும் நடக்கிறது, ஆனால் ஆட்டத்தில் மிச்சம் இருப்பது கோல்கீப்பரும் உதைத்தவளும்தான், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுத் தானும் போனார். மற்ற இருபது பெண்களும் போய் வளர்ந்து, கல்யாணம் செய்து, பருத்து, சிலர் பாட்டியும் ஆனார்கள். இந்த இருவருக்கு மட்டும் வயது ஏறவில்லை. பத்தொன்பதுக்குக் கீழே உள்ளவர்கள்தான் ஆட முடியும் என்பதால் அதை யாரும் ஆச்சரியமாகப் பேசவில்லை. லெசியெலியின் கடைவாய்ப் பல் பாதி முளைத்த நிலையிலேயே நின்று இரவும் பகலும் வலித்தது. ரெஃபரிக்கு அந்தச் சலுகை கிடையாது. லெய்சாவ் நரைத்தாள். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டு கம்பத்துக்குப் பின்னாலேயே வீடு கட்டினாள். விசில் கழுத்தில் இருக்க, மூன்று பிள்ளைகள் பெற்றாள்.

லெசியெலி வாரத்தில் ஆறு நாளும் கோலில் நின்றாள். நின்றாள் என்பது பேச்சுக்கு. நடந்தாள். அவள் நடந்த பாதை முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமானது, இரண்டு முறை மண் கொட்டி நிரப்பினார்கள். வைமிதி ஊர் திரும்பாமல் பெனால்டிப் புள்ளியில் பாய் விரித்தாள். எங்கள் மொழியை ஒரே மழைக்காலத்தில் படித்துக்கொண்டு, அதிலேயே சண்டை போட்டாள்.

"உன் முஷ்டியால என் வாழ்க்கையே மேல தொங்குதுடி."

"ஒழுங்கா உதைச்சிருக்கணும். பச்சைப் பிள்ளை தட்டின மாதிரி தட்டினே."

"தட்டினதுக்கே நீ உருண்டு புரண்டே! விழுந்தா உள்ளதான் விழும், பாத்துக்கோ."

"விழட்டும். எங்கேயாவது விழுந்து தொலையட்டும்."

முதல் வருடங்களில் லெசியெலி அப்படிப் பேசியதில்லை. ஜெயிக்க வேண்டும் என்றுதான் கண் இமைக்காமல் பார்த்தாள். உலகப் போட்டி அவள் இல்லாமலே நடந்து முடிந்தது, பிறகு இன்னொன்று, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். செய்னி அத்தையும் ஆக்லாந்துக்குத் திரும்பவில்லை. கோல் வலைக்குப் பின்னால் பாய் போட்டு, விசிறியோடு உட்கார்ந்துவிட்டாள். அவள் பேரப்பிள்ளைகள் யாரும் வளர்க்காமலே வளர்ந்து கார் ஓட்டப் பழகிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. "அதனால என்ன? பேச்சுன்னா பேச்சு" என்றாள் அத்தை. அவள் கண் மங்கிய பிறகு லெசியெலிதான் வலை ஓட்டை வழியாகக் கையை நீட்டி அவளுக்குச் சோறு ஊட்டினாள், தலை வாரினாள்.

தங்கை புவாவுக்கு ஆட்டம் நடந்த அன்று ஒன்பது வயது. தினமும் சேப்ப இலையில் இறைச்சி பொதிந்து வேகவைத்த பொட்டலத்தை அக்காவுக்குக் கொண்டுவந்தவள். அவள் கல்யாண ஊர்வலம் ஒரு சனிக்கிழமை மைதானத்தின் வழியாகப் போனது. மரப்பட்டைத் துணி தரையில் இழைய, அவள் கோல் அருகே வந்து நின்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள் வாயேன்கா."

"விழுந்துட்டா?"

"விழட்டுமேக்கா. எனக்கு ஒரே ஒரு அக்கா."

லெசியெலி மேலே பார்த்தாள், வலைக்குப் பின்னால் அத்தையைப் பார்த்தாள், போகவில்லை. அன்று ராத்திரி விருந்தில் பாடியது எல்லாம் மைதானம்வரை கேட்டது. பல் அன்று ரொம்ப வலித்தது. நான்காவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ஒரு நாள் புவா பொட்டலத்தை நீட்டி, "இனிமே நான்தான் உனக்கு அக்கா. அதட்டினா கேட்டுக்கணும், சாப்பிடுடி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் லெசியெலி பள்ளத்தில் இறங்கி, வழக்கத்தைவிட வேகமாக நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு விடுதலை. ஞாயிறன்று எதுவும் விழாது என்பது ஊருக்கே தெரியும். காலையில் எங்கள் வழக்கப்படி உடைக்கு மேல் இடுப்பில் பாய் சுற்றிக் கட்டிக் கோயிலுக்குப் போவாள், ஆராதனை முடிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தீவின் ஓரத்தை ஒட்டி நடப்பாள், கடல் பாறைத் துளைகள் வழியாகப் பீறிட்டு அடிக்கும் இடம்வரை போவாள். அதற்கு மேல் தரை இல்லாததால் திரும்புவாள். அப்படித் திரும்பி வந்த ஒரு ஞாயிறு மதியம், மண்ணடுப்புச் சோற்றைத் தின்றுவிட்டுத் தீவு முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தது. அத்தை வலைக்குப் பின்னால் குறட்டை விட்டாள். வைமிதி மட்டும் புள்ளியில் மல்லாந்து கிடந்தாள்.

"ஏய், இங்க வா. எலுமிச்சம்பழம் ஆரஞ்சு ஆயிடுச்சு."

லெசியெலி அண்ணாந்து பார்த்தாள். ஆரஞ்சு தேங்காயானது. அவசரம் இல்லாமல், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி அது இறங்கியது. இத்தனை வருடம் ஜெயித்தால், தோற்றால் என்று நினைத்து நினைத்து நடந்தவளுக்கு, ஜெயித்தால் கூடப் போக அணி இல்லை என்பதும், தோற்றால் பார்த்துக்கொள்ளக் குழந்தைகள் இல்லை என்பதும் அப்போதுதான் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கைகள் அதற்குள் தாமாகவே உயர்ந்துவிட்டன. குறுக்குக் கம்பத்துக்குக் கீழே, கோட்டுக்குச் சரியாக மேலே, பந்து அவள் கையில் வந்து உட்கார்ந்தது. சூடாக இருந்தது.

வைமிதி எழுந்து உட்கார்ந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "பிடிச்சிட்டே. போ, ஜெயிச்சிட்டே."

"எங்கேடி ஜெயிச்சேன்? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

ரெஃபரி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். லெய்சாவ் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்து, லெசியெலியின் கையில் இருந்த பந்தைப் பார்த்தாள், பழக்கத்தில் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனாள், பிறகு இறக்கினாள். "இன்னிக்கு நான் ஊதினா அது செல்லாது. நீ பிடிச்சதும் செல்லாது, அது விழுந்ததும் செல்லாது. நான் எதையும் பாக்கலை. திங்கக்கிழமை வந்து பாக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அத்தை விழித்திருந்தாள். மங்கின கண்ணால் அவள் பந்தையே பார்த்தாள், பிறகு கை நீட்டி அதைத் தடவினாள். அவள் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஊரில் யாரும் அவளிடம் 'இல்லை' என்று சொன்னதில்லை.

"ஜெயிச்சியா, தோத்தியா?"

"ரெண்டும் இல்லை அத்தை."

"அப்போ என் பேச்சுல நீ எதுலயும் வரலை. உன்னைக் கூட்டிட்டுப் போகவும் எனக்கு வழியில்லை, போகாதேன்னு சொல்லவும் வழியில்லை." அத்தை வலைக்கு முதுகைக் காட்டிப் புரண்டு படுத்து விசிறியை முகத்தில் வைத்துக்கொண்டாள். "தூங்கறவளை எழுப்பாதீங்கடி. திங்கக்கிழமை முதல் கப்பல் சீக்கிரம் கிளம்பிடும். அந்த மஞ்சள் பையை எடுத்துக்கோ, உள்ளே ரொட்டி இருக்கு."

கோயில் உடையோடும் மஞ்சள் பையோடும் லெசியெலி துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் வைமிதி, நடுவில் பந்து. திங்கட்கிழமை விடியற்காலையில் புவா பொட்டலத்தோடு ஓடிவந்தாள். "எங்கே போறே?" என்று கேட்டதற்கு, "புள்ளியாகிப் போற இடத்துக்கு" என்றாள் லெசியெலி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. ராத்திரியில் பல் முழுதாக வெளியே வந்திருந்தது, ஈறில் ரத்தம் இருந்தது. கப்பல் கிளம்பியது. வைமிதி பந்தைத் தூக்கிக் காட்டினாள்.

புவா நேராக மைதானத்துக்குப் போனாள். ஊர் வழக்கம்போல அங்கே கூடியிருந்தது, வழக்கம்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று தென்னை உயரத்தில் பந்து சுற்றிக்கொண்டிருந்தது. கப்பலில் போன பந்தையும் அவள் பார்த்தாள், மேலே இருந்த பந்தையும் பார்த்தாள், இரண்டையும் யாரிடமும் மறைக்கவில்லை. கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விழுந்தது விழுந்ததாகாது.

அதன் பிறகு பன்றிகள் படுக்க ஆரம்பித்தன, கறியும் பழையபடி ஆனது. செய்னி அத்தையைப் புவா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், அங்கே அவள் கேட்ட முதல் பொருள் அடுத்த பன்றி. விளையாட்டுப் பலகையில் இரண்டு, ஒன்று என்று எழுதியிருப்பதை வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். சின்னப் பெண்கள் அந்தக் கோலிலேயே பயிற்சி எடுக்கிறார்கள். நடு மதியத்தில் பந்தின் நிழல் கோல் கோட்டின் மேல் விழுகிறது, பாதி உள்ளே, பாதி வெளியே. சுண்ணாம்பு அடிக்கிறவர் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறார்.