நன்னித்தம்பியரின் தகரக் கூரை

மனித குலம் வெயிலை வென்றது, மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பிய நன்னித்தம்பியர் சரவணைக் கிராமத்தில் தமது வீட்டு ஓலையைப் பிடுங்கித் தகரம் போட்ட அன்றுதான். இதைச் சொன்னவரும் அவரே. அந்தத் தகரத்தைக் காட்டித்தான் மகளுக்குச் சம்பந்தம் பேசினார்.

சித்திரையில் வீட்டுக்குள் அப்பளம் பொரிக்கலாம் போலிருந்தது. மத்தியானங்களில் அவர் ஓலை வேய்ந்த மாட்டுக்கொட்டிலுக்குக் களவாகப் போய்ப் படுத்தார்.

ஒருநாள் மாப்பிள்ளையின் தகப்பன் சொல்லாமல் வந்து நின்றார்.

“எங்கை சம்பந்தி?”

“உள்ளுக்கை, குளிர்ச்சியா நித்திரை அண்ணை,” என்றாள் மனைவி அன்னபூரணம்.

அவர் உள்ளே ஒரு கால் வைத்தார், எடுத்தார்.

“ஐயோ, ஏலாது தங்கச்சி! நான் அந்தக் கொட்டிலுக்கை இருக்கிறன்.”

கொட்டிலில் நன்னித்தம்பியர் துள்ளி எழுந்தார்.

“பசுவுக்குச் சுகமில்லை, தீனே தின்னுதில்லை. அதுதான் பாக்க வந்தனான்.”

பசு அவருடைய தலையணையைத் தின்றுகொண்டிருந்தது.