கலாவதி ஒப்படைத்த கை

மகளின் பிள்ளைப்பேறு பார்க்க லியோனுக்குப் போகுமுன் கலாவதி தன் வாக்கைக் கணவர் அரியரத்தினத்திடம் ஒப்படைத்தாள். மறுநாள் விடிய அவருடைய இடது மணிக்கட்டில் அவளுடைய கை இருந்தது. சின்னக் கை. பெருவிரலடியில் தோசைக்கல் சுட்ட தழும்பு, மணிக்கட்டில் ஒற்றைக் காப்பு. ஜனாதிபதித் தேர்தலின் முதற் சுற்று முடிந்து, இருவர் மட்டும் எஞ்சியிருந்த நாட்கள் அவை. ஊரில் இல்லாதவர் தன் வாக்கை நம்பிக்கையான ஒருவர் போடும்படி பொலிஸில் பதிவு செய்யலாம் என்பது பிரான்சின் சட்டம். கை மாறும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. மாறாது என்றும் இல்லை. அரியரத்தினம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காப்பு இடிபடாமல் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டார், பரிஸில் வீடிருந்த மார்க்ஸ் டோர்மோயிலிருந்து லாச்சப்பல் சாப்பாட்டுக்கடைக்கு வழமைபோல நடந்து வேலைக்குப் போனார். அவருக்கிருந்த ஒரே வில்லங்கம் மணிக்கூடுதான். அது அவருடைய இடது கையோடு லியோனுக்குப் போய்விட்டது.

கோப்பை கழுவும் தொட்டியில் இறங்கியதும் எந்தக் கை யார் சொல்லைக் கேட்கிறது என்பது தெளிவாகிவிட்டது. அவர் ஒரு தேய்ப்புத் தேய்த்து அடுக்கிய சட்டியை கலாவதியின் கை திரும்ப எடுத்து அடியைச் சுரண்டியது. அவள் எல்லாவற்றுக்கும் இடது கையையே பாவிப்பவள். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அவளுடைய கை அவளுக்குத்தான் பணிந்தது. அதேபோல லியோனில் அவளுடைய மணிக்கட்டில் இருந்த கை அவருக்குப் பணிந்தது. ஆகவே பேத்தி பிறந்ததிலிருந்து காலையில் அவள் தொலைபேசி எடுப்பாள். "இஞ்சாருங்கோ, பிள்ளைக்குக் குளிக்க வாக்கப் போறன். கையை ஆட்டாமல் வையுங்கோ." அவர் பிடித்த சட்டியை வைத்துவிட்டு அசையாமல் நிற்பார். லியோனில் அவருடைய கை பேத்தியின் தலையைத் தாங்கும். கலாவதி வலது கையால் தண்ணீர் வார்ப்பாள். அந்தத் தண்ணீரின் சூடு பரிஸில் நிற்கிறவருக்குத் தெரியும். அவர் இன்னும் பேத்தியின் முகம் பார்க்கவில்லை. தலையின் பாரம் மட்டும் தெரியும். கடை முதலாளி குலசிங்கம் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சிகரெட் குடிக்கப் போகிறவர்கள் இதைவிட அதிக நேரம் நிற்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம்.

வாக்குப் போடும் பள்ளிக்கூட வாசலில் ஒட்டியிருந்த இரண்டு வேட்பாளர் முகங்களையும் கடையில் கண்ணாடிக்காரர், தாடிக்காரர் என்றே சொன்னார்கள். கண்ணாடிக்காரர் ஓய்வூதிய வயதை அறுபதுக்கு இறக்குவேன் என்றார். விசா இல்லாதவர்களைப் பிடித்து விமானத்தில் ஏற்றுவேன் என்றும் சொன்னார். தாடிக்காரர் சமையலறைகளில் வேலை செய்து முறிகிறவர்களுக்கு விசாக் கொடுப்பேன் என்றார். ஓய்வூதிய வயதை இன்னும் தள்ளி வைப்பேன் என்றும் சொன்னார். அரியரத்தினத்துக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. பிரான்சுக்கு வந்த நாளிலிருந்து ஈரத் தரையில் நின்ற முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. படியேறும்போது அவை சத்தம் போட்டன. கலாவதியின் தமக்கை மகன் கரிகாலன், வன்னியிலிருந்து வந்து அகதி வழக்குத் தோற்றவன், அவர்கள் வீட்டு முன்னறையில் படுத்தெழும்பி அதே கடையில் வெங்காயம் உரித்தான். ஆக ஒரே வீட்டுக்குள் முழங்காலும் விசாவும் எதிரெதிரே நின்றன. கலாவதி தாடிக்காரர் பக்கம். அரியரத்தினம் கண்ணாடிக்காரர் பக்கம்.

வாக்கில்லாதவர்கள்தான் கடையில் அதிகம் கத்தினார்கள். குலசிங்கத்துக்கு வாக்கு இருந்தது, போடும் எண்ணம் இல்லை. "உவங்கள் ரெண்டு பேரும் ஒண்டுதான். ஒருத்தன் கதவைச் சாத்திப்போட்டுச் சிரிக்கிறான், மற்றவன் சிரிச்சுப்போட்டுச் சாத்திறான்" என்றார். மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சுஜாந்தி விடவில்லை. "அப்ப உங்கடை வோட்டை எனக்குத் தாங்கோ முதலாளி, நான் போடுறன்." "விசர்க் கதை. உனக்கு முதல் பிரெஞ்சுக் காட் வரட்டும். தந்தாலும் உன்ரை கைதானே எனக்கு வரும்? ஒரு கோப்பை ஒழுங்காய்த் தூக்காத கை!" சிரிப்பு அடங்கியதும் அவர் அரியரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணை, வீட்டிலை ரெண்டு வோட். ஒண்டு இஞ்சாலை, ஒண்டு அங்காலை. போடாமல் படுத்தாலும் அதுதான் கணக்கு. திரைக்குள்ளை ஆர் பாக்கிறது? ரெண்டையும் உங்கடை முழங்காலுக்குப் போடுங்கோ."

கரிகாலன் வெங்காயத்திலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "போடுங்கோ சித்தப்பா. நான் குறை நினைக்கமாட்டன். என்னை ஏத்தினாப் பிறகு வெங்காயத்தையும் நீங்களே உரியுங்கோ."

அரியரத்தினம் ஒளித்துச் செய்கிற ஆள் இல்லை. அன்று பின்னேரமே கலாவதியிடம் சொன்னார், இரண்டும் கண்ணாடிக்காரருக்குத்தான் என்று. அவள் "அப்ப ஏன் உங்களிட்டைத் தந்தனான்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தொலைபேசி வரவில்லை. தண்ணீரின் சூடு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. முதல்நாள் அவர் திடுக்கிட்டு வலது கையிலிருந்த கோப்பையைப் போட்டு உடைத்தார். இடது கையை மட்டும் ஆட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் வரிசை நீளமாக இருந்தது. முதலில் தன் வாக்கைப் போட்டார். வலது கை, கண்ணாடிக்காரர், ஒரு சிக்கலும் இல்லை. பிறகு கலாவதியின் பெயருக்கு இன்னொரு உறையும் வேட்பாளருக்கு ஒன்றாக இரண்டு சீட்டுகளும் எடுத்துக்கொண்டு திரும்பவும் திரைக்குள் போனார். சீட்டுகளைப் பலகையில் வைத்ததுதான் தாமதம், அவளுடைய கை தாடிக்காரரின் சீட்டைத் தடவிப் பிடித்தது. அவருடைய வலது கை அதன் மணிக்கட்டை இறுக்கிப் பலகையோடு அமத்தியது. பலத்தில் ஒப்பீடே இல்லை. இது அரிசி மூட்டை தூக்கிய கை, அது காப்புப் போட்ட கை. சீட்டு கசங்கியது, காப்பு நெளிந்தது, கை விடவில்லை. அந்த நேரத்தில் லியோனில் தண்ணீர் சூடாக வந்தது. இடது உள்ளங்கையில் ஈரத் தலை வந்து சாய்ந்தது.

கோபத்தில் மனிதனுக்கு இரண்டு கையும் சேர்ந்துதான் இறுகும். அரியரத்தினத்தின் விரல்கள் லியோனிலும் இறுகியிருந்தன. விரல் நுனியில் உச்சிக்குழி துடிப்பதை அவர் உணர்ந்தார், நனைந்த துணிபோல மெத்தென்று. அவர் இப்போது எங்கே நிற்பார், என்ன செய்வார் என்று கலாவதிக்குத் தெரியும், அவரே சொன்னவர். அவருடைய கோபமும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிள்ளையின் தலையை அந்தக் கையில் வைத்திருக்கிறாள். அவர் மூச்சை விட்டார். லியோனில் இருந்த கையைத் தளர்த்துவதற்கு பரிஸில் இருந்த கையையும் தளர்த்த வேண்டியிருந்தது. அவளுடைய கை கசங்கிய சீட்டை நகத்தால் நீவி, அவள் சேலை மடிப்பதுபோல மடித்து, உறைக்குள் வைத்தது. வெளியே வந்து அதுவே உறையைப் பெட்டிக்குள் போட்டது, பதிவேட்டில் தமிழில் கையெழுத்தும் வைத்தது. மேசையில் இருந்தவர் காப்பைப் பார்த்தார். கலாவதியின் பெயரை உடைத்து உடைத்து வாசித்து, வாக்களித்தாயிற்று என்று அறிவித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தலை துவட்டி முடியும்வரை அரியரத்தினம் பள்ளிக்கூட மதிலோடு அசையாமல் நின்றார். பிறகு அவரே தொலைபேசி எடுத்தார்.

"உன்ரை வோட் போட்டாச்சு."

"தெரியும். நான்தானே போட்டனான்." பிள்ளையைக் கிடத்திவிட்டு, "பிள்ளை நித்திரை. இனிக் கையை ஆட்டலாம்" என்றாள்.

தாடிக்காரர் வென்றார். ஓய்வூதிய வயதைச் சொன்னபடியே தள்ளினார். கரிகாலனின் விசா விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். இன்னும் பதில் வரவில்லை, அவன் வெங்காயம் உரிக்கிறான். பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்துக் கலாவதி திரும்பி வந்தபோது கைகள் மாறவில்லை. பொலிஸில் போய்க் கேட்டார்கள். வாக்குரிமை தானாகவே திரும்பிவிட்டது, கையைப் பற்றித் தங்களுக்கு அறிவுறுத்தல் இல்லை என்றார்கள். இருவரும் வற்புறுத்தவில்லை. கடையில் சட்டிகள் முன்னைவிடத் துப்புரவாக இருக்கின்றன, குலசிங்கத்துக்கு அதில் திருப்தி. அரியரத்தினத்துக்கு நேரம் தெரிய வேண்டுமென்றால் இன்றைக்கும் கலாவதியைத்தான் கேட்கிறார். அவள் கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்கிறாள்.