துவைத்துவிட்ட தடயம்

இருபத்திரண்டு வருஷமாகச் சலவைக்கடை நடத்துகிறேன். மை, துரு, ரத்தம், இயந்திர எண்ணெய் என்று என் கைக்குத் தப்பின கறை கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் எங்களைக் கோர்ட்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வைத்தது.

என் புருஷன் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர். முன்னால் நின்று துணி வாங்குவதும் சீட்டுப் போடுவதும் அவர் வேலை. பின்கட்டில் துவைப்பதும் தேய்ப்பதும் என் வேலை. அன்றைக்குச் சாயங்காலம், வெளிச்சம் இன்னும் போகவில்லை, ஷட்டரை இறக்க வெளியே போனார். நான் நீராவி இஸ்திரியில் இருந்தேன். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. மனுஷனைக் காணோமே என்று எட்டிப் பார்த்தால், வாசலில் குப்புறக் கிடக்கிறார். இரண்டு பையன்கள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓடவில்லை, நடந்து போனார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

இடது மணிக்கட்டு கோணிப்போயிருந்தது. அவர் கடையில் போடும் சாம்பல் நிறக் கோட்டின் முதுகில், தடித்த கறுப்பு மார்க்கரில் இரண்டு வரி. முதல் வரி எங்கள் தோலின் நிறத்தை ஒரு மிருகத்தோடு சேர்த்து வைத்தது. இரண்டாவது வரி எங்களை வந்த நாட்டுக்கே திரும்பிப் போகச் சொன்னது. நான் ஒரே தடவைதான் படித்தேன். எதிர்க்கடைச் சாவிக்காரர் ஓடிவருவது தெரிந்தது. அவர் வந்து சேர்வதற்குள் கோட்டைக் கழற்றி, எழுத்து உள்ளே போகிற மாதிரி மடித்துவிட்டேன்.

"மெதுவா, கை வலிக்குது" என்றார் என் புருஷன்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றேன். அவர் கண்ணில் அது படக் கூடாது என்பதைத் தவிர என் மண்டையில் வேறு ஒன்றும் ஓடவில்லை.

மறுநாள் காலையில் அவர் கட்டுப் போட்ட கையோடு தூங்கிக்கொண்டிருந்தார். நான் கடைக்கு வந்து கோட்டை விரித்தேன். மார்க்கர் மையைத் தேய்க்கக் கூடாது, பரவும். அடியில் வெள்ளைத் துண்டைக் கொடுத்து, துணியின் உட்புறத்திலிருந்து ஸ்பிரிட்டை ஒற்ற வேண்டும். துண்டு கறுக்கக் கறுக்க இடத்தை மாற்ற வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக எடுத்தேன். எழுதினவன் கையை மனசுக்குள் ஒடித்துக்கொண்டே எடுத்தேன். அப்புறம் அலசி, காயவைத்து, தேய்த்து, கறுத்த துண்டுகளை எல்லாம் குப்பை வண்டியில் போட்டேன்.

மத்தியானம் விசாரணைக்கு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டைக் கேட்டார். நானும் ஹேங்கரில் மாட்டி, மேலே உறை போட்டு எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். அவர் உறையை விலக்கி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"துவைச்சிட்டீங்களாம்மா?"

"அழுக்கா இருந்துச்சு."

"அழுக்கு மட்டுந்தானா?"

எழுத்து இருந்ததைச் சொன்னேன். என்ன எழுத்து என்று சொல்லவில்லை. அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"அடிச்சது ஒரு குத்தம். எதுக்காக அடிச்சாங்கங்கிறது தனி. நிறத்துக்காக, இனத்துக்காக அடிச்சாங்கன்னு நிரூபிச்சா, அதுக்குன்னே ஒரு சட்டம் இருக்கு. தண்டனையும் ஜாஸ்தி. அவனுங்க இந்தத் தெருப்பக்கமே வரக் கூடாதுன்னும் உத்தரவு வாங்கலாம். இல்லேன்னா சாதாரண அடிதடி. அபராதத்தக் கட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க."

இரண்டு பேரும் அடுத்த தெருக்காரர்கள்தான். பிடித்துவிட்டார்கள். பேன்ட்டில் பட்டன் போனதைக் கேட்கப் போனோம், இவர்தான் முதலில் தள்ளினார், எழுத்தாவது ஒன்றாவது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். எங்கள் கேமரா கல்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கோட்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மையின் சுவடே இல்லை என்று பதில் வந்தது. அதைப் படித்தபோதும் உள்ளுக்குள் துளி கர்வம் எட்டிப் பார்த்தது. என்னை என்ன செய்தால் தகும்?

"தடயத்தப் போய்த் துவைச்சு இஸ்திரி போட்டு வச்சிருக்கியே, உன்ன எந்தக் கணக்குல சேக்கறது?" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கறைன்னா எடுக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்டி."

"சரி, நீ படிச்சேல்ல? கோர்ட்டுல வாயத் தொறந்து சொல்லு."

"உங்கப்பா அங்கதானே உக்காந்திருப்பாரு."

அவர் அன்றைக்கு அப்புறம் முன்னால் நிற்பதே இல்லை. பின்கட்டில் என் பக்கத்தில் ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தார். வாசல் மணி அடித்தால் தோள் துள்ளும். அந்தப் பையன்கள் மறுபடியும் இந்தத் தெருவில் நடந்து போனால், அவர் கடைப்பக்கமே வரமாட்டார். அவர்களைத் தடுக்க வேண்டுமென்றால் அந்த அசிங்கத்தை அவர் காதுபட நான் சொல்லியாக வேண்டும். நாலு மாதம் இதை நினைத்து நினைத்தே தூக்கம் கெட்டது.

கோர்ட்டில் முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். தள்ளினார்கள், விழுந்தேன், கை ஒடிந்தது என்றார்.

"உங்க முதுகுல என்னமோ எழுதியிருந்துச்சுங்கறாங்களே, அத நீங்க பாத்தீங்களா?" என்று பையன்களின் வக்கீல் கேட்டார்.

"இல்லைங்க, பாக்கல."

"அவ்வளவுதான்" என்று வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். என் புருஷன் முன்வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அடுத்தது நான்.

"என்ன எழுதியிருந்துச்சு?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"கெட்ட வார்த்தைங்க."

நீதிபதி குனிந்து பார்த்தார். "எழுதியிருந்தத அப்படியே சொல்லணும்மா. அந்த வார்த்தைதான் வழக்கே."

என் புருஷனைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரியைச் சொல்லிவிட்டேன். இங்கே திரும்ப எழுத மாட்டேன். ஒரு தடவை சொன்னதே ஏழு ஜென்மத்துக்குப் போதும். இரண்டாவது வரியில் நாலு வார்த்தை. இரண்டோடு நின்றுவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தும் வரவில்லை.

மிச்சம் இரண்டு வார்த்தையும் பெஞ்சிலிருந்து வந்தது. எழுதியிருந்தது எழுதியிருந்தபடியே. கடையில் சீட்டு நம்பரைப் படிக்கிற அதே குரலில் என் புருஷன் சொன்னார்.

நீதிபதி கண்டித்தார். அப்புறம் என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவரை மறுபடியும் ஏறச் சொன்னார். பையன்களின் வக்கீல் விட்டேனா பார் என்று எழுந்தார்.

"பாக்கலன்னு சொன்னீங்களே. வீட்டுல வச்சு மனைவி சொல்லிக்குடுத்தாங்களா?"

"அவ எங்கிட்ட மூச்சு விடலைங்க. நான் பாக்கவும் இல்ல. ஒருத்தன் என் கால் மேல உக்காந்திருந்தான், இன்னொருத்தன் எழுதினான். அவனுக்கு அவசரமே இல்ல. ஒவ்வொரு எழுத்தா அழுத்தி அழுத்தி எழுதினான். என் முதுகுதானுங்களே, எனக்குத் தெரியாதா?"

வக்கீல் இந்தத் தடவை சிரிக்காமல் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவரிடம் நீதிபதி, "ஒரு வார்த்தை விடாமப் பதிவு பண்ணுங்க" என்றார். அப்புறம் என் புருஷன் பக்கம் திரும்பினார்.

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ ராத்திரி முழுக்கத் தூங்காம, விடிஞ்சும் விடியாமப் போய் அத்தனையும் துவைச்சிட்டு வந்து நின்னா. கையெல்லாம் ஸ்பிரிட் வாசனை. அவகிட்டப் போய் எனக்குத் தெரியும்னு எப்படிங்க சொல்றது?"