மூன்றாவது பிளாட்பாரம்

எங்கள் பேரூராட்சியின் சாதனை விளக்கக் கூட்டத்தைப் புதுப் பேருந்து நிலையத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் செங்கோடன் சொன்னார். நான் துணைத்தலைவர், அன்புச்செல்வி. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர். இருக்கட்டும்.

"ஏனுங்க தலைவரே, வேற எடமே கெடைக்கலீங்களா? கட்டி முடிச்சு ரெண்டு வருசமாச்சு. ஒரு பஸ்ஸாவது உள்ள வந்திருக்குதுங்களா? மக்காச்சோளந்தான காயுது அங்க" என்றேன்.

"கூட்டத்தன்னிக்கு ஸ்டாண்டு நெறைய பஸ்ஸு நிக்கும். நீ அறிக்கைய மட்டும் நல்லாப் படிம்மா" என்றார் அவர்.

எப்படி நிற்கும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பஸ் வராததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்கள். செங்கோடனுடைய ரிக் மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய் போர் போட்டுவிட்டு வரும். இந்த ஊர்க்காரர்கள் எந்த நிலத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்பது தண்ணீர் எத்தனை அடியில் என்பதைத்தான். பேருந்து நிலையத்துக்கு இடம் பார்த்த அன்றைக்கும் அதைத்தான் கேட்டோம். போர் போட்டோம், தண்ணீர் பீறிட்டது, எல்லோரும் கைதட்டினோம். பைபாஸில் வருகிற பஸ் எந்த வழியாக உள்ளே இறங்கும் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வாய் நீளமான எனக்கும் தோன்றவில்லை. கட்டி முடித்த பிறகு பார்த்தால், பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் திரும்பி வர வேண்டும். அதற்குள் பின்னால் வந்த வண்டிக்காரன் முன்னால் போய், நிறுத்தங்களில் நிற்கிற ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவான். எந்த டிரைவர் வருவான்? அட, நானே டிரைவராக இருந்தாலும் வரமாட்டேன்.

இதெல்லாம் யார் தலையில் விடிந்தது என்றால், பாவாயக்காள் தலையில். செங்கோடனின் கூடப்பிறந்த அக்காள். பேருந்து நிலையம் நிற்பது அவளுடைய காட்டில், அதாவது அவள் பயிர் வைத்த நிலத்தில். எங்கள் பக்கம் செத்தவர்களைச் சொந்தக் காட்டிலேயே அடக்கம் செய்வது வழக்கம். அவள் வீட்டுக்காரர் ராக்கியண்ணனும் அங்கேதான் கிடக்கிறார். மனிதர் முப்பது வருசம் ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் பஸ் ஓட்டியவர். காட்டைத் தாண்டும்போது ஹாரனை இரண்டு தரம் சின்னதாக, ஒரு தரம் நீட்டமாக அடிப்பார். அதைக் கேட்டுத்தான் பாவாயக்காள் உலை வைப்பாள்.

அந்தக் காட்டை எவ்வளவோ பேர் கேட்டும் அவள் தரவில்லை. தம்பி போய், பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்றதும் தந்துவிட்டாள். "அவரு அங்க தனியாக் கெடக்கறாரு. வண்டிச் சத்தம் கேட்டுக்கிட்டே கெடந்தா நல்லதுதான? அவர எடுக்காதீங்க, அவரு மேலயே பிளாட்பாரத்தப் போடுங்க" என்றாள். போட்டோம். மூன்றாவது பிளாட்பாரம். பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளைப் பார்க்க இனிமேல் அங்கிருந்துதான் பஸ் ஏறுவேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள். தம்பியிடம் கேட்கும்போதெல்லாம் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்ற பதில்தான் வந்தது. முழங்கால் வலியோடு பைபாஸுக்கு நடந்துகொண்டிருந்தாள். எதிரே வந்தால் நான் வேறு சந்தில் புகுந்துவிடுவேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. போய்ப் பார்த்தால், நிஜமாகவே ஸ்டாண்டு நிறைய பஸ்! எல்லாம் மஞ்சள் பஸ். தலைவர் தெரிந்தவர் மூலமாக ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பஸ்களைக் கேட்டு வாங்கி வரிசையாக நிறுத்தியிருந்தார். காலேஜ் பெயர் தெரியாமல் பக்கவாட்டில் மன்றத்தின் பேனரைக் கட்டியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க இது கூத்து?" என்றேன்.

"போட்டோவுக்குத்தாம்மா. எலெக்சன் வருதில்ல? சத்தம் போடாத" என்றார்.

அப்போதுதான் பாவாயக்காள் வந்தாள். மடிப்புக் கலையாத சேலை, கையில் ஒயர் கூடை. நேராக மூன்றாவது பிளாட்பாரத்துக்குப் போனாள். குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டாள், கொண்டுவந்த பூவைத் தூணோரம் வைத்தாள். நிமிர்ந்து பஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலில் நின்ற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். மேடையில் நின்று நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கையில் அறிக்கை. "மக்களின் நெடுநாள் கனவான பேருந்து நிலையம் நனவாக்கப்பட்டு" என்பது வரைக்கும் படித்துவிட்டு நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் படித்து முடித்தேன். படிக்காமல் இறங்கியிருக்கலாம். படித்தேன்.

அடுத்துத் தலைவர் பேசினார். பஸ் வரவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள், கண்ணிருந்தால் பாருங்கள் என்று கையை நீட்டிக் காட்டினார். டைமிங் பிரச்சினை, பர்மிட் பிரச்சினை, எல்லாம் மேலே பேசியாகிவிட்டது என்றார். கைதட்டல், மாலை, போட்டோ.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பஸ் டிரைவர் என்னிடம் வந்தார். "அக்கா, அந்தம்மா எறங்க மாட்டீங்குதுங்க. பள்ளிபாளையம் போகோணுங்குது. இது காலேஜ் வண்டின்னு நாஞ்சொல்லீரட்டுங்களா?"

இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தலைவரிடம் போனேன். கேட்டதும் கழுத்து மாலையைக் கழற்றினார். "நீயே பக்குவமாச் சொல்லீரு அன்பு" என்றார்.

"நான் எதுக்குங்க சொல்லோணும்? உங்க அக்கா, நீங்க கொண்டாந்த பஸ்ஸு. போங்க."

போனார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"அக்கா, வெய்யிலா இருக்குது, எறங்கு. காருல கொண்டுபோயி உட்டர்றேன்."

"காரு எதுக்குடா? அதான் பஸ்ஸு வந்திருக்குதே. இன்னைக்கு வாரேன்னு மவகிட்டச் சொல்லிப்போட்டேன்."

"இல்லக்கா, இந்த வண்டிய இப்ப எடுக்க மாட்டாங்க. டைமிங்குல ஒரு பிரச்சன, பர்மிட்டு வேற..." மேடையில் சொன்னதையே சொல்ல ஆரம்பித்தார். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"முடிச்சுட்டயா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பஸ்ஸோட்டுனவருக்கு வாக்கப்பட்டவடா நானு. கண்டக்டரு இல்லாம, பெல்லுக் கவுறு இல்லாம ஒரு பஸ்ஸு நின்னா அது என்ன பஸ்ஸுன்னு எனக்குத் தெரியாதா? ஏறும்போதே தெரிஞ்சுபோச்சு. நீயா வந்து நெசத்தச் சொல்லுவயான்னுதான் உக்காந்திருந்தேன்."

செங்கோடன் எதிர்ச் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். ஐந்து வருசமாக அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. "வண்டி எப்படித் திரும்பும்னு எனக்கு அப்பத் தோணலக்கா. தண்ணிய மட்டுந்தான் பாத்தேன். இனி இங்க பஸ்ஸு வராதுக்கா" என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. இதைத்தானே, ஐயா, இதை மட்டும் மைக்கில் சொல்லியிருந்தால் போதுமே! ஊர் திட்டியிருக்கும். திட்டிவிட்டு, பைபாஸிலிருந்து வழி விடச் சொல்லி எங்களோடேயே கலெக்டர் ஆபீசுக்கு வந்திருக்கும்.

பாவாயக்காள் ஜன்னல் வழியாக மூன்றாவது பிளாட்பாரத்தைப் பார்த்தாள். பிறகு டிரைவரைக் கூப்பிட்டாள். "சாமி, வண்டிய அந்த மூணாவது பிளாட்பாரத்துக்கு ஒருக்கா ஓட்டு. ஹாரன ரெண்டு தரம் சின்னதா, ஒண்ணு நீட்டமா அடி."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையாட்டினார். வண்டி மெல்ல நகர்ந்து தூணுக்கு முன்னால் போய் நின்றது. இரண்டு சின்னது, ஒன்று நீட்டம். பந்தல் பிரிக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவாயக்காள் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் அடங்கும் வரைக்கும் கண்ணை மூடியிருந்தாள். டிரைவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினாள்.

கீழே நின்று தம்பியைப் பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"இன்னைக்குக் கேட்டிருப்பாரு. நாளைக்கு உலை வெக்கற நேரத்துக்கு ஆருடா வந்து அடிப்பாங்க?"

செங்கோடன் அக்காளின் கூடையை வாங்கிக்கொண்டு, பஸ் பிடிக்கப் பைபாஸை நோக்கி அவள் பின்னாலேயே நடந்தார்.