கேலரிச் சுவருக்குப் பின்னால்

பொழுது புலர்வதற்குள் பூரணி ஏழாவது கூடைக் கல்லை இறக்கியிருந்தாள். சும்மாட்டையும் மீறி உச்சந்தலை எரிந்தது. பனியில் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவை வெட்டி விளையாட்டு மைதானம் கட்டினார்கள். ஒரு பக்கம் சனங்கள் உட்கார்ந்து பார்க்க எட்டுப் படி வைத்த கேலரி. அதன் முதுகில் மலைமண்ணைத் தாங்கக் கருங்கல் சுவர். முதல் சுவர் ஆடி மழையில் சரிந்தபோது அவள் புருஷன் மாயாண்டியை மண் மூடியது. இரண்டு நாள் தோண்டித்தான் எடுத்தார்கள். இப்போது புரட்டாசி. அதே இடத்தில், அதே பிளானின்படி, இரண்டாவது சுவர் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது.

அதற்குள்ளிருந்து யாரோ தட்டுவது மூன்று நாளாக அவளுக்குக் கேட்டது. டொக்... டொக்... மாயாண்டி கல் கொத்துகிற அதே தாளம். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். அன்று பொறுக்க முடியாமல் சுவரில் காதை வைத்தாள்.

"என்னாங்க... கூப்புடுறீங்களா?"

கல் கட்டிக்கொண்டிருந்த சோலைமலை திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்து அவரும் காதை வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"தண்ணி, தங்கச்சி. மலைத்தண்ணி பின்னால சேந்து சொட்டுது. வெளிய போக ஒரு ஓட்டகூட வைக்கல. அன்னைக்கும் இதுதான் செவத்த முட்டித் தள்ளியிருக்கு."

அவன் இல்லை, தண்ணீர். ஒரு கணம் பூரணிக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு சும்மாட்டை உருவிக் கீழே எறிந்தாள்.

எட்டு மணிக்குத் தோட்டத்தை நடத்தும் துரை ஜீப்பில் வந்தார், கையில் சுருட்டிய பிளானோடு.

"செவத்துல ஓட்ட விடணும், தொரைங்களே. பின்னால கான் வெட்டி தண்ணிய எறக்கி விடணும்" என்றார் சோலைமலை.

"பிளான்லே கான் இல்லே. கொழும்புலே படிச்ச ஆள் போட்டது. அடுத்த மாசம் தெறப்பு விழா. நீ செவரு கட்டு."

"மறுபடி விழுந்தா?"

"அது மழை. பிளான் தப்பு இல்லே."

பூரணி முன்னால் வந்தாள். "செத்தது எம் புருஷன், தொரை. ஐப்பசி மழைக்கு ஒங்க தெறப்பு விழா தெரியாது. அந்தப் படியில ஒக்காரப் போறது எங்க புள்ளைங்க."

துரைக்குப் பக்கத்தில் நின்ற, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கத்தினார்: "வேல செய்யாதவங்களுக்கு இன்னைக்குப் பேரு கெடையாது, சம்பளமும் கெடையாது! லயத்து வீட்டையும் காலி பண்ணணும்!"

சோலைமலை சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார். பின்னால் சுவர் வேலையில் இருந்த பதினான்கு பேரும் கைகளை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

சத்தம் கேட்டு மேல்மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் இறங்கி வந்தார்கள். "என்னாடி பூரணி?" என்றாள் முன்னால் வந்த வீரம்மா.

"காத வச்சுக் கேளுங்க அக்கா."

கூடையோடு குனிந்து ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். ஒருத்தியும் மலைக்குத் திரும்பவில்லை.

"ஹட்டன் பொலிஸ் வரும்" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார் துரை.

"வரட்டும்" என்றாள் வீரம்மா. "அவங்களும் கேட்டுட்டுப் போகட்டும்."

ஜீப் மறைந்ததும் பூரணி சுவரின் பின்பக்கம் ஏறினாள். தண்ணீர்தான் என்று தெரிந்த பிறகும் காதில் அவன் தாளமே கேட்டது. மண்வெட்டியை ஓங்கினாள். பிளானில் இல்லாத கானுக்கு முதல் வெட்டு விழுந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததை வீரம்மா வெட்டினாள்.